ஏழு ஊர்களுக்கு எழுதப்பட்ட வெளிப்படுத்தின விசேஷம்

கிறிஸ்தவ வேதாகமத்தின் கடைசி நூல் வெளிப்படுத்தின விசேஷம். கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் இதற்குத் திருவெளிப்பாடு என்று பெயர். ஏழு தலையும் பத்துக் கொம்பும் உள்ள மிருகம், இரத்த நிறமாகும் சந்திரன், பாதாளக் குழியின் புகையோடு கிளம்பும் வெட்டுக்கிளிகள், 666 என்ற எண் என இதில் வரும் காட்சிகள் திரைப்படங்கள் வழியாகக் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் ஓரளவு தெரிந்தவை. ஆனால் வேதாகமத்தை நாள்தோறும் படிக்கிறவர்களிலேயே பலர் இந்த 22 அதிகாரங்களுக்கு வந்ததும் தயங்குகிறார்கள். சிலர் பயந்து மூடிவைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் செய்தித்தாளைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு எந்த மிருகம் எந்த நாடு என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த நூல் யாருக்கு, எந்தச் சூழலில், எந்த வகை எழுத்தாக எழுதப்பட்டது என்பது வாசகருக்குச் சொல்லப்படாததே இரண்டுக்கும் காரணம்.

முதலில், இது ஒரு கடிதம். எழுதியவர் தன் பெயர் யோவான் என்கிறார். தன்னை அப்போஸ்தலன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. உபத்திரவத்தில் பங்காளியான சகோதரன் என்று மட்டும் அறிமுகம் செய்துகொள்கிறார். இவர் இயேசுவின் சீடரான யோவான்தான் என்பது பழைய மரபு. ஆனால் இந்நூலின் கிரேக்க நடை யோவான் சுவிசேஷத்தின் நடையிலிருந்து வெகுவாக மாறுபடுகிறது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு எடுத்துக்காட்டினார். எழுதும்போது யோவான் இருந்த இடம் ஈஜியன் கடலில் உள்ள பத்மு என்ற சிறு தீவு. கடிதம் போய்ச் சேர வேண்டிய ஊர்கள் ஏழு: எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. எல்லாமே இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் உள்ளவை. கடிதத்தைச் சுமந்து செல்பவர் எபேசுவில் கரையிறங்கி, வடக்கே போய், பிறகு தென்கிழக்காகத் திரும்பி நடந்தால் எந்த வரிசையில் இந்த ஊர்கள் வருமோ, அதே வரிசையில்தான் நூலிலும் வருகின்றன.

ஊரைத் தெரிந்துகொண்டு படித்தால் எவ்வளவு தெளிவு கிடைக்கிறது என்பதற்கு லவோதிக்கேயா நல்ல சான்று. அந்தச் சபை சூடாகவும் இல்லை, குளிர்ச்சியாகவும் இல்லை, வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கண்டிக்கப்படுகிறது. சூடு என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் அவிசுவாசம் என்று பிரசங்கங்களில் விளக்குவது வழக்கம். அப்படியானால் குளிராக இருந்தாலும் பரவாயில்லை என்று கிறிஸ்து ஏன் சொல்ல வேண்டும்? விடை அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. எதிர்ப்புறத்தில் இருந்த எராப்போலி நகரம் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போனது. பமுக்கலே என்ற பெயரில் அந்த வெள்ளைப் பாறைப் படிகளைப் பார்க்க இன்றும் கூட்டம் கூடுகிறது. இன்னொரு பக்கத்தில் கொலோசே. அங்கே மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீர். லவோதிக்கேயாவுக்கோ தண்ணீர் தொலைவிலிருந்து குழாய் வழியாக வந்தது. சுண்ணாம்பு படிந்து அடைபட்ட அந்தக் குழாய்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. வெந்நீர் நோய்க்கு இதம். குளிர்நீர் தாகத்துக்கு உதவும். இரண்டுமில்லாத தண்ணீர் குமட்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே கடிதம் அந்தச் சபையைப் பொன்னும், வெண்வஸ்திரமும், கண்ணுக்கு இடும் கலிக்கமும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. லவோதிக்கேயா பணப் பரிமாற்றம் நடந்த ஊர். அதன் கருநிறக் கம்பளி புகழ்பெற்றது. அருகே ஒரு மருத்துவப் பள்ளியும் இருந்தது. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்ற ஊர் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதியிருக்கிறார். எதிலும் குறைவில்லை என்று மார்தட்டிய ஊரின் மூன்று பெருமைகளையும் யோவான் ஒரே மூச்சில் உடைக்கிறார்.

எழுதப்பட்ட காலம் ரோமப் பேரரசர் டொமிஷியன் ஆட்சியின் இறுதி, அதாவது கி.பி. 95ஐ ஒட்டியது என்பது இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியு தரும் செய்தி. பேரரசர் நீரோ இறந்த 68ஐ அடுத்த குழப்பக் காலமே என்று கருதுவோரும் உண்டு. எதுவானாலும் பின்னணி ரோமப் பேரரசுதான். அந்த ஏழு ஊர்களும் பேரரசரைத் தெய்வமாக வணங்குவதில் ஒன்றையொன்று விஞ்சப் போட்டியிட்டவை. அகஸ்டஸுக்கும் ரோமாபுரித் தேவதைக்கும் கோயில் கட்ட கி.மு. 29லேயே பெர்கமு அனுமதி பெற்றது. எபேசுவில் கி.பி. 89-90 அளவில் டொமிஷியன் குடும்பத்துக்கு ஒரு பெரிய கோயில் எழுந்தது. திருவிழா, சந்தை, தொழிற்சங்க விருந்து எதுவுமே இந்த வழிபாடு இல்லாமல் நடக்காது. பேரரசு முழுவதும் கிறிஸ்தவர்களைத் தேடித்தேடிக் கொன்ற காலம் அது என்ற பழைய எண்ணத்துக்குப் போதிய சான்று இல்லை. ஏழு சபைகளுக்கான பகுதிகளில் பெயர் சொல்லப்படும் இரத்தசாட்சி பெர்கமு நகரத்து அந்திப்பா ஒருவர்தான். ஆனால் நெருக்குதல் உண்மையானது. கி.பி. 112 அளவில் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் தாம் வைத்த சோதனையை விவரிக்கிறார்: பேரரசரின் உருவத்துக்கு முன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தால் விடுதலை, மறுத்தால் மரணம். வெளிப்படுத்தின விசேஷத்தின் மையக் கேள்வி இதுதான். வணக்கம் யாருக்கு உரியது?

யோவான் கையாண்ட எழுத்துவகையும் அவர் புதிதாக உண்டாக்கியதல்ல. கி.மு. 167இல் சிரிய அரசன் நான்காம் அந்தியோகு எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியபோது, அந்த நெருக்கடியில் இன்றுள்ள வடிவம் பெற்றதாக ஆய்வாளர் பெரும்பாலோர் கருதும் தானியேல் நூல் இவ்வகைக்கு முன்னோடி. ஏனோக்கு நூல், நான்காம் எஸ்றா போன்றவையும் இந்த வரிசையில் வருபவை. இவற்றில் ஞானதிருஷ்டி பெறும் ஒருவர் இருப்பார். விளக்கம் சொல்ல ஒரு தூதர் வருவார். பேரரசுகள் மிருகங்களாகத் தோன்றும். வரலாறு எண்களாகச் சுருங்கும். கொடுங்கோலுக்கு முடிவு உண்டு என்ற உறுதி இறுதியில் கிடைக்கும். தானியேலின் ஏழாம் அதிகாரத்தில் கடலிலிருந்து சிங்கம், கரடி, சிறுத்தை, பத்துக் கொம்புள்ள பயங்கர மிருகம் என நான்கு எழும்புகின்றன. யோவானின் மிருகத்துக்குச் சிறுத்தையின் உடல், கரடியின் கால், சிங்கத்தின் வாய், பத்துக் கொம்பு. நான்கு பேரரசுகளின் கொடுமையும் ரோமில் ஒன்றுசேர்ந்துவிட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நூல் முழுவதும் இப்படித்தான். எசேக்கியேல், ஏசாயா, சகரியா, யாத்திராகமம் ஆகியவற்றின் காட்சிகள் வசனத்துக்கு வசனம் ஒலிக்கின்றன. ஆனால் ஓரிடத்தில்கூட எந்த நூலையும் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுவதில்லை. பழைய ஏற்பாட்டில் பழக்கமில்லாதவருக்கு இந்நூல் புதிராகத் தெரிவதற்கு இதுவே பெரிய காரணம்.

எண்களையும் இப்படியே பார்க்க வேண்டும். ஏழு நிறைவுக்கும் பன்னிரண்டு கடவுளின் மக்களுக்கும் நான்கு பூமியின் திசைகளுக்கும் உரியவை. 1,44,000 பேர் என்பது பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, அதை ஆயிரத்தால் பெருக்கியது. அவர்களைப் பற்றிக் கேட்ட உடனே யோவான் திரும்பிப் பார்க்கையில் காண்பது எவராலும் எண்ண முடியாத திரளான கூட்டம். பரலோகத்தில் இத்தனை இடம்தான் என்று எண்ணிக்கை வைப்பவர்கள் அந்த அடுத்த வரியைக் கவனிக்க வேண்டும். 42 மாதமும் 1,260 நாளும் ஒன்றுதான்: மூன்றரை ஆண்டு. அந்தியோகுவின் கொடுமை நீடித்த காலமாகத் தானியேலில் வரும் அளவு அது. முழுமையான ஏழில் பாதி. தீமைக்குத் தவணை உண்டு, அது நிறைவு பெறாது என்பதே அதன் பொருள்.

666 மட்டும் சற்று வேறு வகை. தமிழில் க என்ற எழுத்து ஒன்றையும் உ இரண்டையும் குறிப்பது போல, எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்கள். எனவே எந்தப் பெயரையும் கூட்டி ஓர் எண்ணாக்கலாம். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரச் சுவரொன்றில், தன் காதலியின் பெயரை வெளியிடாமல் அவள் எண் 545 என்று மட்டும் ஒருவர் கிறுக்கி வைத்திருக்கிறார். நீரோ கேசர் என்ற பெயரின் கிரேக்க வடிவத்தை எபிரேய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200 என வந்து கூட்டுத்தொகை 666 ஆகிறது. லத்தீன் உச்சரிப்புப்படி நீரோன் என்பதன் கடைசி மெய்யெழுத்தை விட்டுவிட்டால் 50 குறைந்து 616. சில பழைய கையெழுத்துப் படிகளில் 666க்குப் பதிலாக 616 என்றே இருக்கிறது. இரேனியு இதை அறிந்து மறுத்திருக்கிறார். எகிப்தின் ஒக்சிரிங்கு நகரில் கிடைத்த பப்பிரஸ் துண்டிலும் அந்த எண்ணே உள்ளது. இரண்டு எண்ணையும் ஒருசேர விளக்கும் பெயர் நீரோ. அவர் இறக்கவில்லை, கிழக்கிலிருந்து படையோடு திரும்புவார் என்ற வதந்தி அன்று பரவலாக இருந்தது. நீரோ என்று சொல்லிக்கொண்டு போலிகளும் கிளம்பினார்கள். மிருகத்தின் சாவுக்காயம் ஆறியது என்ற வரி அந்தக் காலத்தவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

கையிலோ நெற்றியிலோ இடப்படும் மிருகத்தின் முத்திரை இல்லாமல் வாங்கவும் விற்கவும் முடியாது என்ற பகுதி பார்கோடு, கணினிச் சில்லு, தடுப்பூசி என்று ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொன்றின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. கடவுளின் கட்டளையைக் கையிலும் நெற்றியிலும் கட்டிக்கொள்ளச் சொல்வது உபாகமம். அதற்கு எதிர்ப்பதமாகவே யோவான் இதை அமைக்கிறார். நூலில் கடவுளின் ஊழியர்களுக்கும் நெற்றியில் முத்திரை உண்டு. அதை யாரும் உடலில் குத்தும் பொருளாக எடுத்துக்கொள்வதில்லை. தியத்தீரா போன்ற தொழில் நகரத்தில் கம்பளி, சாயம், தோல் எனத் தொழிலுக்கொரு சங்கம் இருந்தது. சங்க விருந்தில் படையல் உணவை உண்ண மறுத்தவருக்கு வியாபாரம் நடக்காது. வாங்கவும் விற்கவும் முடியாமை அவர்கள் அன்றாடம் பட்ட பாடு. இன்று இதை வைத்து எளிய மக்களை மருந்துக்கும் அடையாள அட்டைக்கும் பயப்பட வைப்பது நூலுக்கும் அநியாயம், மக்களுக்கும் அநியாயம்.

வியாபாரம் என்றதும் பதினெட்டாம் அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். மகா பாபிலோன் என்று அங்கே சொல்லப்படுவது, ஏழு மலைமேல் அமர்ந்த நகரமாகிய ரோம். எருசலேம் ஆலயத்தைப் பழைய பாபிலோன் அழித்தது போலவே ரோமும் கி.பி. 70இல் அழித்ததால் அந்தப் பெயர். நகரம் எரியும்போது வணிகர்கள் அழுகிறார்கள்; இனித் தங்கள் சரக்கை வாங்க ஆளில்லை என்பதே அவர்களுடைய துக்கம். தொடர்ந்து பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, தூபவர்க்கம், மாவு, கோதுமை, குதிரை என்று ஏறக்குறைய முப்பது சரக்குகளின் பட்டியல் வருகிறது. இதில் தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. அதே முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு, முசிறிப் பகுதித் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியானவற்றில் முத்து, தந்தம், பட்டுத்துணி ஆகியவற்றைச் சொல்கிறது; பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக்குளித்ததையும் குறிப்பிடுகிறது. பொன்னும் மணியும் முதலில் நிற்கும் யோவானின் பட்டியலில் கடைசிச் சரக்கு அடிமைகள். அவர்களும் மனித உயிர்கள் என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்து அவர் பட்டியலை முடிக்கிறார். பேரரசின் செல்வம் எதன்மேல் நின்றது என்பதை அக்கால எழுத்தில் இவ்வளவு கூர்மையாகச் சொன்ன இடங்கள் குறைவு.

நூலின் நடுப்பகுதி ஏழு முத்திரைகள், ஏழு எக்காளங்கள், ஏழு கலசங்கள் என்று மூன்று சுற்றாகச் செல்கிறது. இவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் 21 நிகழ்வுகளா, ஒரே காலத்தை மூன்று கோணத்தில் பார்ப்பதா என்ற விவாதம் பழையது. இந்நூலுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய லத்தீன் உரையை எழுதியவர் விக்டோரினு, கி.பி. 304 அளவில் இறந்தவர். அவர் இரண்டாவதையே சொன்னார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இடி, மின்னல், பூமியதிர்ச்சி திரும்ப வருவதும், ஆறாம் முத்திரையில் விழுந்துவிட்ட நட்சத்திரங்கள் நான்காம் எக்காளத்தில் மறுபடி வானில் இருப்பதும் அவருடைய வாசிப்புக்கே வலுச் சேர்க்கின்றன. கால அட்டவணையாகப் படித்தால் இடறும் இடங்கள் பலவும் திரும்பத் திரும்பச் சுழன்று உயரும் அமைப்பாகப் படித்தால் நேராகிவிடுகின்றன.

எல்லாவற்றுக்கும் திறவுகோல் ஐந்தாம் அதிகாரம். முத்திரையிட்ட சுருளைத் திறக்கத் தகுதியானவர் யாருமில்லையே என்று யோவான் அழுகிறார். யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றிருக்கிறார் என்று ஒரு மூப்பர் தேற்றுகிறார். யோவான் நிமிர்ந்து பார்த்தால் அங்கே சிங்கம் இல்லை. அடிக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி நிற்கிறது. இதற்குப் பிறகு நூலில் சிங்கமாகக் கிறிஸ்து வருவதே இல்லை, கடைசிவரை ஆட்டுக்குட்டிதான். பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரையில் அவர் போருக்கு வரும்போது உடை ஏற்கெனவே இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. போர் இன்னும் தொடங்கவில்லை. அந்த இரத்தம் அவருடையதே என்று கொள்பவர்கள் பலர். அவரிடம் உள்ள ஒரே வாள் வாயிலிருந்து புறப்படுகிறது. இறுதிப் போர்க்களமாகப் பேசப்படும் அர்மகெதோன் என்ற பெயர் நூலில் ஒரே ஒரு முறை வருகிறது. படைகள் அங்கே கூடுகின்றன, போர்க்காட்சி எதுவும் அங்கே சொல்லப்படவில்லை. வன்முறையைக் கொண்டாடும் நூல் என்று இதைத் தள்ளுவதற்கு முன் இந்த அமைப்பைப் பார்க்க வேண்டும். அதே சமயம் இதன் கோபத்தின் கடுமையையும், பாபிலோனை வேசியாக உருவகித்து எரிக்கும் படிமம் பெண் வாசகர்களுக்குத் தரும் வலியையும் மழுப்பத் தேவையில்லை.

இந்நூலில் இருப்பதாகப் பலரும் நம்பும் சில, இதில் இல்லை. அந்திக்கிறிஸ்து என்ற சொல் யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் மட்டுமே வருகிறது. விசுவாசிகள் திடீரென மேலே எடுத்துக்கொள்ளப்படும் இரகசிய வருகை என்ற போதனைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதம். அதைத் தனி நிகழ்வாக்கி ஏழாண்டு உபத்திரவத்துக்கு முன் வைக்கும் கால அட்டவணை, 1830களில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் வலுப்பெற்று, 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக உலகெங்கும் பரவியது. பல சபைகளில் அது வேதத்தின் ஒரே பொருளாகக் கற்பிக்கப்பட்டாலும் அதன் வயது இருநூறு ஆண்டுக்குள்தான்.

நூலின் இறுதிப் பகுதியில் சொல்லப்படும் கிறிஸ்துவின் ஆயிர வருட அரசாட்சியையும் எல்லாத் திருச்சபைகளும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. இரேனியு அதைப் பூமியில் நேரடியாக வரப்போவதாக எதிர்பார்த்தார். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் அது திருச்சபையின் காலத்தையே குறிக்கிறது என்றார். மேற்கத்திய திருச்சபையில் அந்தக் கருத்தே நெடுங்காலம் நிலைத்தது. நூலை வேதாகமத்தில் சேர்ப்பதிலேயே தயக்கம் இருந்திருக்கிறது. 367இல் ஆயர் அத்தனாசியு தந்த பட்டியலில் இது இடம்பெற்றாலும், கேரளத் தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியாக நெடுங்காலம் இருந்த சிரியாக் மொழியின் பெஷித்தா வேதாகமத்தில் இது இருக்கவில்லை. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதை ஏற்றுக்கொண்டும் ஆலய வழிபாட்டு வாசகங்களில் சேர்ப்பதில்லை. மார்ட்டின் லூதர் 1522இல் எழுதிய முன்னுரையில் கிறிஸ்து இதில் தெளிவாகப் புலப்படவில்லை என்று வெளிப்படையாகவே குறைப்பட்டார், பின்னர் 1530இல் மென்மையாக்கினார். ஆகவே இந்நூலைக் கண்டு தடுமாறும் இன்றைய வாசகர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தடுமாறாமல் தேதி குறித்தவர்களால் விளைந்த சேதமே அதிகம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரின் கணக்கை நம்பிய ஆயிரக்கணக்கானோர் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்துவை எதிர்பார்த்துக் காத்திருந்து உடைந்துபோனார்கள். ஹெரால்டு கேம்பிங் என்ற வானொலிப் போதகர் 2011 மே 21 என்று அறிவித்தார். அதை நம்பி வேலையை விட்டவர்களும் சேமிப்பைக் கரைத்தவர்களும் உண்டு. அந்த நாளையும் நேரத்தையும் பிதா தவிர யாரும் அறியார் என்று இயேசுவே கூறியதாக மாற்கு சுவிசேஷம் பதிந்திருக்கும்போது தேதி சொல்பவருக்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. இதற்கு நேர்மாறான வாசிப்பும் உண்டு. நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்ற தென்னாப்பிரிக்க இறையியலாளர் ஆலன் போசாக் 1987இல் இந்நூலுக்கு எழுதிய விளக்கத்தில் யோவானைத் தம்மைப் போன்ற ஓர் அரசியல் கைதியாகவே கண்டார். பலிபீடத்தின் கீழிருந்து கொலையுண்டோர் எதுவரைக்கும் என்று எழுப்பும் குரல் அவருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

கடைசி இரண்டு அதிகாரங்களில் மனிதர்கள் பூமியைவிட்டு எங்கும் போவதில்லை. புதிய எருசலேம் இங்கே இறங்கி வருகிறது. அதன் நீளமும் அகலமும் உயரமும் சமம். எருசலேம் ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம் மட்டுமே அப்படிக் கனசதுரமாக இருந்தது. நகரம் முழுவதுமே கருவறையாகிவிட்டதால் அதில் தனியே ஆலயம் இல்லை. வாசல்கள் அடைக்கப்படுவதில்லை. அங்குள்ள ஜீவ விருட்சத்தின் இலைகள் எல்லா இனத்தவரையும் குணமாக்குகின்றன. உலகம் எரிந்து சாம்பலாவதை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த அதிகாரங்களை மறுபடி படிப்பது நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர் தானியேல் ஏழாம் அதிகாரத்தையும், எசேக்கியேலின் முதல் அதிகாரத்தையும், எகிப்தின் வாதைகளைச் சொல்லும் யாத்திராகமப் பகுதியையும் முதலில் படித்துவிடலாம். பிறகு விளக்கப்படங்களையும் அடிக்குறிப்புகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, நூல் முழுவதையும் ஒரே அமர்வில் உரக்க வாசிக்க வேண்டும். கூடவே கேட்க நாலு பேர் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மணி நேரம் போதும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்கென்றே இது எழுதப்பட்டது என்று முதல் அதிகாரத்தின் மூன்றாம் வசனம் சொல்கிறது.